கண்மாய்க் கரையும் கழுத்துப்பட்டையும்

திருமங்கலத்தைத் தாண்டித் தெற்கே கள்ளிக்குடிப் பக்கம் போனால் நிலம் கறுத்து, பரந்து, வெறுமையாகத் தெரியும். பார்வைக்குத்தான் அந்த வெறுமை. சீமைக்கருவேலம் மண்டிய ஓடைகளும் கண்மாய் உள்வாய்களும் அந்தச் சமவெளியைத் துண்டு துண்டாக அறுத்து வைத்திருக்கின்றன. சங்கிலியைக் கழற்றிவிட்ட சிப்பிப்பாறை நாய் எதையோ கண்டு பாய்ந்தால், வளர்ப்பவர் கூப்பிட வாயெடுப்பதற்குள் அது முதல் புதரைக் கடந்திருக்கும். வேகத்துக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த உடல் அது. அதே உடல்வாகு கொண்ட கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர்.

இப்படி ஓடிய நாயைத் தேடுவதற்கு மதுரை வட்டாரத்தில் பழைய வழிகள் உண்டு. டீக்கடையில் சொல்லி வைப்பார்கள். ஆட்டுக்கிடை போட்டிருக்கும் கீதாரியிடம் விசாரிப்பார்கள். நாலு பேர் நாலு பைக்கில் கிளம்புவார்கள். இப்போது இவற்றோடு ஒரு புதிய கேள்வியும் சேர்ந்திருக்கிறது: ஜிபிஎஸ் பெல்ட் கட்டலாமா, கட்டினால் எதைக் கட்டுவது?

கேள்வி எளிது. ஆனால் கடைக்காரர்களும் விளம்பரங்களும் சொல்லும் விடை பெரும்பாலும் வேறொரு நாட்டு நிலத்துக்கும் வேறொரு வகை நாய்க்கும் உரியது.

இந்தக் கருவி அமெரிக்காவின் பறவை வேட்டைக்காரர்களுக்காக வளர்ந்தது. அவர்கள் வைத்திருக்கும் பாயிண்டர், செட்டர் இன நாய்கள் மோப்பத்தை நம்பி வேலை செய்பவை. காற்றில் காடையின் வாசம் பட்டதும் அவை பாய்வதில்லை. மூக்கைப் பறவை இருக்கும் திசைக்கு நீட்டி, பல சமயம் ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி, ஆள் வந்து சேரும்வரை அசையாமல் நிற்கும். இடுப்பளவு புல்லுக்குள் குரைக்காமல் நிற்கும் நாயை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் கழுத்தில் மணி கட்டினார்கள். மணி ஓய்ந்தால் நாய் பறவையைக் கண்டுவிட்டது என்று அர்த்தம். அடுத்து பீப் ஒலி எழுப்பும் பட்டை வந்தது, அதன் பிறகு ரேடியோ அலை அனுப்பும் பட்டை வந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. அதுவரை 100 மீட்டர் வரை தவறிய இடக்கணிப்பு சில மீட்டர்களுக்குள் வந்தது. நாய்க்கு ஜிபிஎஸ் என்பது அதன் பிறகுதான் பொருளுள்ள யோசனையானது. கார்மின் நிறுவனம் ஆஸ்ட்ரோ என்ற கருவியைக் கொண்டுவந்தது. 2011இல் ட்ரை-ட்ரானிக்ஸ் என்ற பயிற்சிப் பட்டை நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. தேடுவதையும் பழக்குவதையும் ஒன்றாக்கிய ஆல்ஃபா என்ற கருவியை 2013இல் வெளியிட்டது. கையடக்கத் திரையில் 20 நாய்கள் வரை பார்க்கலாம். இரண்டரை நொடிக்கு ஒருமுறை புதிய இடம் பதிவாகும். நாய் ஓடுகிறதா, பறவையைக் காட்டி நிற்கிறதா என்பதைக்கூடத் திரையில் ஒரு சின்னம் சொல்லிவிடும்.

மதுரைச் சமவெளியிலும் காடை உண்டு, கௌதாரி உண்டு, முயல் உண்டு. ஆனால் இங்கே அவற்றின் பின்னால் நாயை ஏவுவது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதை வரையறுக்கும்போது கொல்வதை மட்டும் சொல்லவில்லை. பிடிப்பது, நாயை விட்டுத் துரத்துவது, கண்ணி வைப்பது, இவற்றுக்கான முயற்சிகள் எல்லாமே அந்த வரையறைக்குள் வருகின்றன. மதுரை வயல்களில் அவிழ்த்துவிட்ட நாய் துரத்த வாய்ப்புள்ள பெரிய பறவை மயில். அது சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள உயிரை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு சிறை. மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 250 பறவை இனங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. அந்தப் பாறைகளைச் சுற்றி நாயை அவிழ்த்துவிடவே கூடாது.

ஆகவே இங்கே பட்டைக்கு ஒரே வேலைதான்: தொலைந்த நாயைக் கண்டுபிடிப்பது. அது சின்ன வேலையல்ல. ராஜபாளையம் நாய்க்கு 2005 ஜனவரியில் அஞ்சல் தலை வெளியானது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். வேட்டை நின்றுபோன பின்பும் இந்த இனங்களைச் சிலர் அக்கறையோடு காப்பாற்றி வருகிறார்கள். அப்படி வளர்த்த ஒரு நாய் தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடி நாலுவழிச் சாலையில் அடிபட்டால், ஓர் உயிரோடு ஒரு வம்சாவளியும் போகிறது.

ஜிபிஎஸ் பற்றிப் பரவலாக இருக்கும் ஒரு தவறான எண்ணத்தை முதலில் களைய வேண்டும். நாயின் கழுத்திலிருந்து ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு எதுவும் போவதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தக் கோள்கள் நேரத்தை அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. பட்டையில் உள்ள சில்லு அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். தலைக்கு நேர் மேலே உள்ள கோளிலிருந்து அந்த அலை தரைக்கு வர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். எந்தக் கோளின் சிக்னல் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதிலிருந்து தூரம் கிடைக்கும். மூன்று தூரங்கள் இடத்தைச் சொல்லிவிடும். ஆனால் பட்டையில் உள்ள மலிவான கடிகாரத்தில் ஒரு மைக்ரோ நொடி பிசகினாலே 300 மீட்டர் தப்பிவிடும் என்பதால், அந்தப் பிசகைக் கண்டறிய நான்காவது கோளும் வேண்டும். கோள்களில் உள்ள அணுக்கடிகாரங்களுக்கும் திருத்தம் உண்டு. ஐன்ஸ்டைனின் சார்பியல் விதிப்படி அவை தரைக் கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடுகின்றன. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேரும். கள்ளிக்குடி நாய் பக்கத்து ஊரில் நிற்பதாகத் திரை காட்டும்.

திறந்த வெளியில் நல்ல சில்லு 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். யானைமலை, நாகமலை அடிவாரத்தில் அவ்வளவு நம்ப முடியாது. பாறையில் மோதி வரும் அலை கூடுதல் தூரத்தைக் கடந்து வருவதால் கணக்கு குழம்பும். இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் மேலே அயனி மண்டலத்தில் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததும், திருநெல்வேலி அருகே புவிகாந்தவியல் ஆய்வகம் இயங்குவதும் இதனால்தான். இந்தக் கோட்டின் மேலே, சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழிகள் எழும்பும். அவற்றின் வழியே வரும் சிக்னல் நடுங்கும், சில நேரம் அறுந்தே போகும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டியும் சூரியன் கொதிப்பாக இருக்கும் ஆண்டுகளிலும் இது அதிகம். இரவு எட்டு மணிக்குத் திரையில் நாய் சட்டென்று தாவினால் அரை நிமிடம் பொறுத்துப் பார்ப்பது நல்லது. அமெரிக்கக் கோள்களோடு ரஷ்ய, ஐரோப்பிய, சீனக் கோள்களையும் சேர்த்துக் கேட்கும் சில்லு இதைச் சமாளிக்கும். நமது நாவிக் கோள்கள் எப்போதும் இந்திய வானிலேயே இருப்பது நல்ல வசதி. ஆனால் பலவற்றின் அணுக்கடிகாரங்கள் பழுதாகிவிட்டதால் நாவிக்கை மட்டும் நம்பி எதையும் வாங்குவதற்கில்லை.

பட்டைக்குத் தன் இடம் தெரிந்துவிட்டது. அதை நாயை வளர்ப்பவரிடம் எப்படிச் சொல்லும்? பட்டைக்குப் பட்டை வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பணம் போவதும் வீணாவதும் இதில்தான்.

2023இல் அரிக்கொம்பன் யானை இதைத் தேனி மாவட்டத்துக்கே பாடமாக நடத்தியது. சின்னக்கானலில் ஏப்ரல் 29 அன்று பிடித்து, கழுத்தில் பட்டை மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அந்தப் பட்டை இடத்தைக் கணித்து, இன்னொரு செயற்கைக்கோள் வழியாக வனத்துறைக்கு அனுப்பியது. அடர்காட்டுக்குள் யானை போனபோது தகவல் இடையிடையே நின்றுபோனது. மே 27 அன்று அது கம்பம் நகரத் தெருக்களுக்குள் வந்தது. ஜூன் 5 அன்று மீண்டும் பிடிபட்டு, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோகப்பட்டது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும் அந்த யானையைப் பற்றி வழக்கு நடந்தது. பட்டை இடத்தைச் சொல்லும், ஓடுவதைத் தடுக்காது. சொல்வதும் வழி திறந்திருக்கும்போது மட்டுமே. நாய்க்கும் இதே கணக்குதான்.

செயற்கைக்கோள் வழி நாய்க்கு ஆகாது. விலை ஒருபுறம் இருக்க, செயற்கைக்கோள் வழியே பேசும் கருவிகளை அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில், மலையேறுபவர்கள் உலகெங்கும் எடுத்துச்செல்லும் சிறிய செய்திக் கருவிக்காக வெளிநாட்டுப் பயணி ஒருவர் சிக்கினார்.

அடுத்தது அமெரிக்க வேட்டைப் பட்டைகளின் வழி. பட்டை நேரே கைக்கருவியோடு பேசும், டவர் தேவையில்லை. அங்கே இதற்கு 151 முதல் 154 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஐந்து அலைவரிசைகளை உரிமமின்றிப் பயன்படுத்தலாம். இந்தியாவில் அப்படி இல்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் ஆல்ஃபாவை இங்கே இயக்கினால், உரிமம் தேவைப்படும் அலைவரிசையில் உரிமமின்றி ஒலிபரப்புவதாகும். பெட்டியில் ‘9 மைல்’ என்று போட்டிருப்பார்கள். 14 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அது உண்மையா என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சமதரையில் ரேடியோ அலை எட்டும் தொடுவானத்தை அறிய, ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். நாயின் கழுத்து 60 சென்டிமீட்டர் உயரம்: 3.2 கிலோமீட்டர். ஆள் கையில் பிடித்திருக்கும் கருவி ஒன்றரை மீட்டர்: 5 கிலோமீட்டர். கூட்டினால் 8.2. புதரே இல்லாத, மேடே இல்லாத நிலத்தில்கூட இதுதான் எல்லை. சீமைக்கருவேலம் அதை இன்னும் வெகுவாகக் குறைக்கும்.

அதே ஆள் 5 மீட்டர் உயரமுள்ள கண்மாய்க் கரையில் ஏறி நின்றால்? கருவியின் உயரம் 6.5 மீட்டராகிறது. எல்லை 13.7 கிலோமீட்டருக்கு நீள்கிறது. பெட்டியில் போட்ட எண்ணை ஏறக்குறைய எட்டிவிடுகிறோம். பணம் கொடுத்து வாங்கும் எந்த ஆன்டெனாவும் இவ்வளவு லாபம் தருவதில்லை. மதுரைச் சமவெளி முழுக்கக் கண்மாய்கள் இருப்பது, நாய் தேடுபவருக்கு ஒரு பெரும் கொடை.

உரிமமில்லாமல் இந்தியாவில் பயன்படுத்தக்கூடிய அலைவரிசையும் உண்டு. 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. லோரா என்ற தொழில்நுட்பம் இதில் இயங்குகிறது. மிகக் குறைந்த மின்சாரத்தில் சில எழுத்துகளை மட்டும் பல கிலோமீட்டர் அனுப்பும். இடத்தைச் சொல்ல அது தாராளம். ஆனால் இதே பெயரில் அமெரிக்காவுக்கென்று செய்த கருவிகள் 915 மெகாஹெர்ட்ஸில் இயங்கும். அவை இங்கே கூடாது. ரேடியோ கருவி எதை வாங்கினாலும் ஈ.டி.ஏ. என்ற அரசுச் சான்று அதற்கு உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது வழி சிம் கார்டு. காருக்கும் பைக்குக்கும் மாட்டுகிறார்களே, அதே ஏற்பாடுதான், உருவத்தில் சிறியது. இடம் செல்பேசி டவர் வழியாக ஆப்புக்கு வரும். நாய் திருப்பரங்குன்றத்தில் இருந்தாலும் திருச்சியில் இருந்தாலும் ஒன்றே. மதுரையைச் சுற்றி இப்போதைக்குப் பெரும்பாலானோருக்குப் பொருந்துவது இதுதான். வாங்குமுன் இரண்டு சோதனை வேண்டும். கருவி 2ஜியில் மட்டும் இயங்குவதா என்று பாருங்கள். அப்படியானால் 4ஜியும் 5ஜியும் மட்டுமே தரும் ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. அடுத்து, நாய் போகக்கூடிய கடைசி மூலை வரை நடந்து, போனை முழங்கால் உயரத்தில் பிடித்து டவர் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஆள் நிற்கும் உயரத்தில் கிடைப்பது கருவேலத்துக்கு அடியில் கிடைக்காமல் போகலாம்.

ஏர்டேக் போன்ற வில்லைகளில் ஜிபிஎஸ் கிடையாது. அருகே யாரோ ஒருவரின் ஐபோன் கடந்தால்தான் இடம் தெரியும். ஆள் நடமாட்டம் மிகுந்த மாசி வீதியில் உதவக்கூடும், கரிசல் காட்டில் அதற்கு வேலையில்லை.

இடம் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்பது அடுத்த கேள்வி. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நடையோட்டமாகப் போகும் நாய் ஒரு நிமிடத்தில் 250 மீட்டர் கடக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் தகவல் என்றால், திரையில் தெரியும் புள்ளிக்கும் நாய்க்கும் இடையே இரண்டரை கிலோமீட்டர் இருக்கலாம். அடிக்கடி அனுப்பினாலோ பேட்டரி தீரும். சாதாரண நாளில் மெதுவாகவும், வரைந்து வைத்த எல்லையைத் தாண்டியதும் தானாகவே வேகமாகவும் அனுப்பும் பட்டைதான் சரி. மே மாத மதுரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. வெயிலில் நின்ற காருக்குள் வைத்து சார்ஜ் போடும் பழக்கம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

பட்டையின் வடிவத்தைப் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை, பேசியிருக்க வேண்டும். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தலை ஒடுங்கியது, கழுத்து அதைவிடப் பருத்தது. சாதாரண பெல்ட் பின்னோக்கி இழுத்தாலே தலை வழியே கழன்றுவிடும். இழுக்கும்போது அளவோடு இறுகி, விட்டதும் தளரும் பட்டை இந்த நாய்களுக்கு வேண்டும். வேட்டைக்குச் செய்த பயிற்சிப் பட்டைகள் கால் கிலோவை ஒட்டிய எடை கொண்டவை. தோலும் மயிரும் மெல்லிய இந்த நாய்களின் கழுத்தில் அவை நாள் முழுக்க உரசினால் புண்ணாகும். 100 கிராமுக்குள் இருப்பதைத் தேட வேண்டும்.

கடைசியாக, மின்னதிர்ச்சிப் பொத்தான். பயிற்சிப் பட்டை என்று விற்பவற்றில் பெரும்பாலும் மின்னதிர்ச்சி தரும் வசதி இருக்கும். ஆல்ஃபா வகைப் பட்டையில் 18 அளவுகள் உண்டு. கூப்பிட்டால் வராத நாய்க்கு இதுதான் மருந்து என்று சொல்லி விற்கிறார்கள். பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூப்பிட்டால் வராத 63 நாய்களை எடுத்து, மின்பட்டையாலும் வெகுமதியாலும் பழக்கிப் பார்த்தார்கள். 2020இல் வெளியான முடிவில், மின்பட்டையால் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. வெகுமதி பெற்ற நாய்களே விரைந்து கட்டளைக்குப் பணிந்தன. இதற்கு மாறான முடிவும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். அரிசோனாவில் 19 நாய்களை வைத்துச் செய்து 2024இல் வெளியான ஆய்வில், ஓடும் போலி இரையைத் துரத்தாமல் நிற்க மின்பட்டையால் பழக்கிய நாய்கள் இரண்டே அமர்வுகளில் கற்றுக்கொண்டன. உணவு வெகுமதி பெற்ற நாய்கள் அந்த நாட்களுக்குள் கற்கவில்லை. மின்பட்டை நாய்கள் அதிர்ச்சிபட்டபோது கத்தின என்பதும் அதே ஆய்வின் பதிவுதான்.

துரத்துவதே பிறவிக்குணமான சிப்பிப்பாறைக்கு அரிசோனா முடிவு பொருந்தாதா என்று கேட்கலாம். ஆய்வுக்களத்தில் நாய் கண்ணெதிரே இருந்தது, தேர்ந்த கை பொத்தானை அழுத்தியது. புதருக்குள் மறைந்த நாய்க்கு, சில நொடி பழைய புள்ளியைப் பார்த்து அழுத்தினால், வலி வரும் கணத்தில் அதன் முன்னால் நிற்பது முயல்தான் என்று எப்படிச் சொல்வது? அது ஒரு கிடை ஆடாக இருக்கலாம், பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம். நாய் வலியை அந்த முகத்தோடு சேர்த்து நினைவில் வைக்கும். வேல்ஸ் நாடு 2010இல் இந்தப் பட்டைகளைத் தடை செய்தது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் தேவையற்ற வலி தருவதையே குற்றம் என்கிறது. பொத்தான் இல்லாத பட்டையை வாங்குவதே சரி.

அதே பட்டைகள் பலவற்றில் ஒலி தரும் வசதி இருக்கிறது. அதை வைத்து நன்றாகவே பழக்கலாம். வீட்டு முற்றத்தில் ஒலி கேட்டதும் ஒரு துண்டு கறி, ஒவ்வொரு முறையும் தவறாமல். ஒலி என்றால் கறி என்று நாய்க்கு உறுதியானபின் அறுவடை முடிந்த வயலில் நீளக் கயிற்றோடு. அதன் பிறகு வேலி போட்ட தோப்பில் கயிறு இல்லாமல். மாதங்கள் ஆகும். குட்டியிலேயே தொடங்கினால் குறையும்.

மதுரைச் சந்தைக்கு இன்று தேவையான பட்டையை இன்னும் யாரும் செய்து தரவில்லை. 100 கிராமுக்குள் எடை, ஒடுங்கிய தலைக்கேற்ற பட்டை, டவர் இருந்தால் சிம், இல்லாவிட்டால் 865 மெகாஹெர்ட்ஸ் லோரா, ஒலி மட்டும், அதிர்ச்சி கிடையாது. இதற்கான சில்லுகள் எல்லாம் இந்தியக் கடைகளில் கிடைக்கின்றன. இந்த வட்டாரத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களும் கால்நடை மருத்துவர்களும் நாய் வளர்ப்பவர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் செய்துவிடலாம், செய்ய வேண்டும். அதுவரை, எந்தப் பட்டை வாங்கினாலும் அதன் உட்புறத்தில் உங்கள் செல்பேசி எண்ணை அழியாத மையில் எழுதி வையுங்கள். பேட்டரி தீர்ந்த பிறகும் நாயைக் கண்டவர் அந்த எண்ணுக்குக் கூப்பிடலாம்.